கிதாபு அலமாரிக்குள் போன வீடு

மண்ணடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். 12 வயது மகளோடு தாய்வீட்டில் இருக்கிறார். சொந்த ஊர் கீழக்கரை. மண்ணடி வீடு, வியாபாரத்துக்காகச் சென்னை வந்த வாப்பா (தந்தை) வாங்கியது. வாப்பா மவுத்தாகி (இறந்து) ஆறு வருடம் ஆகிறது. 70 வயது உம்மா, திருமணமான தம்பி, தம்பி மனைவி எல்லோரும் ஒரே வீட்டில். நபிகளார் பிறந்த மாதமான ரபீஉல் அவ்வல் பிறை பிறந்ததும் 12 இரவும் தெருப் பெண்களைக் கூட்டி சுப்ஹான மவ்லிது (நபிகளாரைப் புகழும் அரபுப் பாடல்) ஓதுவது உம்மாவின் வழக்கம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை.

தம்பி சில வருடங்களாகத் தவ்ஹீத் (ஏகத்துவ) தரப்பின் பயான்களை (மார்க்க உரைகளை) கேட்டு வந்தவர். போன வருடம் ஏழாம் இரவு, எல்லோரும் எழுந்து நின்று ஸலாம் பைத்து (நபிக்கு ஸலாம் சொல்லும் பாடல்) ஓதிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்திருக்கிறார். "இது ஷிர்க் (இணைவைப்பு). இப்படியே மவுத்தானால் உங்கள் கதி என்ன உம்மா?" என்று வந்திருந்த பெண்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார். உம்மா பதில் பேசவில்லை. மவ்லிது கிதாபை (நூலை) மூடி, அதன் பச்சைத் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஐந்து இரவு மவ்லிது நடக்கவில்லை. அன்றிலிருந்து உம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தஸ்பீஹ் மணியைக்கூட அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உருட்டுகிறாராம். மகள் பள்ளிப் போட்டிக்கு இஸ்லாமியப் பாடல் பயிற்சி எடுத்தபோது தம்பி அதற்கும், "இசை ஹராம், பெண்பிள்ளை குரல் வெளியே போகக் கூடாது" என்று தடை சொல்லியிருக்கிறார்.

சகோதரி கேட்பது இதுதான்: "யார் சொல்வது சரி? மவ்லிது கூடும் என்று ஆதாரத்தோடு எழுதித் தாருங்கள், தம்பி முகத்தில் காட்டுகிறேன். தம்பிக்கு நபி மேல் பிரியமே இல்லையா? அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்ல உம்மாவுக்கு உரிமை இருக்கிறதா? ரபீஉல் அவ்வலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஷிர்க், பித்அத் (மார்க்கத்தில் புதுமை) என்ற சொற்கள் வரும் இடம் அல்ல. தன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தஸ்பீஹ் உருட்டும் 70 வயதுப் பெண்மணிதான். அவரிடம் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கேள்விகள்.

நான் ஆலிமா (மார்க்க அறிஞர்) இல்லை, குடும்பநல ஆலோசகர். மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இதே சண்டையோடு திருவல்லிக்கேணியிலிருந்தும் புதுப்பேட்டையிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. அதனால் இரு தரப்பும் எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று தேடிப் படிக்க வேண்டி வந்தது. படித்ததைச் சொல்கிறேன். தம்பி முகத்தில் காட்ட அது உதவாது. அவரோடு உட்கார்ந்து பேச உதவலாம்.

கேள்வி ஒன்று இல்லை, நான்கு

"மவ்லிது கூடுமா கூடாதா" என்று ஒரே வாயில் கேட்கிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. நபியைப் புகழ்ந்து பாடலாமா? எந்த வார்த்தையால் புகழலாம்? குறிப்பிட்ட மாதம், குறிப்பிட்ட முறை என்று வைத்துக்கொள்ளலாமா? இசைக்கருவி சேரலாமா? இந்த நான்குக்கும் நான்கு விதமான பதில்கள். உங்கள் வீட்டில் எல்லாமே ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு உம்மாவின் தலையில் விழுந்திருக்கிறது.

முதல் கேள்வியில் சண்டைக்கே இடமில்லை. நபிகளாரைப் புகழ்ந்து கவி பாடியவர் நபித்தோழர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித். அவர் நின்று பாட மஸ்ஜிதுன் நபவி பள்ளிவாசலிலேயே ஒரு மிம்பர் (மேடை) போட்டுக் கொடுக்கப்பட்டதாக ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் வருகிறது. பிற்காலத்தில் அவர் பள்ளிவாசலில் கவிதை சொன்னதை நபித்தோழர் உமர் முறைத்துப் பார்த்தபோது, "உங்களைவிடச் சிறந்தவர் இருக்கும்போதே இங்கே பாடியவன் நான்" என்று பதில் சொன்னார் ஹஸ்ஸான். இது புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. கவிஞர்களைக் கண்டிக்கும் 26ஆம் அத்தியாயத்தின் கடைசி வசனமும், ஈமான் கொண்டு நற்செயல் செய்த கவிஞர்களுக்கு விலக்குக் கொடுத்துத்தான் முடிகிறது. உங்கள் தம்பி கேட்கும் பயான்களிலும் இதை மறுப்பவர் இருக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விதான் உங்கள் வீட்டின் உண்மையான முடிச்சு. இதற்கு ஒரு ஹதீஸ் சொல்கிறேன். ருபய்யிஃ பின்த் முஅவ்விது என்ற பெண்ணின் கல்யாண நாள். நபிகளார் அவர் வீட்டுக்கு வந்து உட்காருகிறார்கள். சிறுமிகள் தஃப் (கைப்பறை) தட்டி, பத்ர் போரில் உயிர்நீத்த தங்கள் முன்னோரை நினைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவே ஒரு சிறுமி, "நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார்" என்று பாடிவிடுகிறாள். உடனே நபிகளார், "இதை விட்டுவிடு. முன்பு பாடிக்கொண்டிருந்ததையே பாடு" என்கிறார்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான்.

இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சபையைக் கலைக்கவில்லை. அந்தச் சிறுமியைப் பார்த்து, உன் கதி என்ன என்று கேட்கவில்லை. ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டைத் தொடரச் சொன்னார்கள். உங்கள் உம்மாவின் பக்கமும் தம்பியின் பக்கமும் இந்த ஒரே ஹதீஸுக்குள் இருக்கின்றன.

தம்பி தரப்பு சுட்டிக்காட்டும் வரிகள் உண்மையாகவே இருக்கின்றன. சுப்ஹான மவ்லிதில் நபியை முன்னிலைப்படுத்தி, பாவங்களை மன்னிப்பவர் நீங்களே என்ற பொருள்பட வரும் வரியை எடுத்துக்காட்டி, "அல்லாஹ்வையன்றிப் பாவங்களை மன்னிப்பவர் யார்" என்ற குர்ஆன் வசனத்தை (3:135) பக்கத்தில் வைப்பார்கள். எகிப்தில் 13ஆம் நூற்றாண்டில் இமாம் பூஸிரி இயற்றிய புர்தா என்ற புகழ்க் கவிதையிலும், லவ்ஹு (விதிப் பலகை), கலம் (எழுதுகோல்) பற்றிய அறிவு நபியின் அறிவில் ஒரு பகுதி என்று வரும் வரி மேல் இதே விமர்சனம் உண்டு. "கிறிஸ்தவர்கள் மர்யமின் மகனை வரம்பு மீறிப் புகழ்ந்ததுபோல் என்னைப் புகழாதீர்கள்" என்ற புகாரி ஹதீஸ் அவர்களுடைய அடிப்படை ஆதாரம்.

ஓதும் தரப்பு இதற்குச் சும்மா இருக்கவில்லை. அந்த வரிகள் நபியின் ஷஃபாஅத்தை (பரிந்துரையை) நாடிச் சொல்லப்பட்டவை, கவிதையின் மொழியைச் சட்டப் புத்தகம்போல் படிக்கக் கூடாது என்பது அவர்கள் விளக்கம். புர்தாவிலேயே, கிறிஸ்தவர்கள் தங்கள் நபியைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு மற்றபடி புகழுங்கள் என்று கவிஞர் எல்லை வகுத்திருப்பதையும் காட்டுவார்கள். எந்த விளக்கம் உங்கள் மனதுக்குச் சரி என்பதை நீங்கள் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். நான் சொல்ல வருவது, தம்பியின் ஆட்சேபம் அவர் கற்பனை செய்துகொண்டது இல்லை, உம்மாவின் ஓதலும் அறியாமைக் கூத்து இல்லை என்பதைத்தான்.

மூன்றாவது, மாதமும் முறையும். இது மண்ணடியில் ஆரம்பித்த சண்டை இல்லை, 700 வருடத்துக்கு மேல் பழையது. இராக்கின் இர்பில் நகர ஆட்சியாளர் முளஃப்பருத்தீன் 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெரிய அளவில் மவ்லித் விழா நடத்தினார். அடுத்த நூற்றாண்டில் மாலிகி சட்டப் பள்ளி அறிஞர் ஃபாகிஹானி இது அடிப்படையில்லாத பித்அத் என்று எழுதினார். 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி, நல்ல நோக்கமுள்ள மவ்லிது நற்கூலிக்குரியது என்று தனி நூலே எழுதி, ஃபாகிஹானிக்குப் பதில் சொன்னார். தவ்ஹீத் தரப்பு பெரிதும் மதிக்கும் இப்னு தைமிய்யாவைப் பாருங்கள். மவ்லித் நாளை விழாவாக்குவதை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அதைச் செய்கிற சிலருக்கு அவர்களின் நல்ல எண்ணத்துக்காகவும் நபி மேல் உள்ள மரியாதைக்காகவும் கூலி கிடைக்கக்கூடும் என்று அவரே எழுதியிருக்கிறார். எதிர்ப்பவர் எழுதிய வரி இது. தம்பியோடு பேசும்போது ஸுயூத்தியைவிட இது அதிகம் உதவும்.

நான்காவது கேள்வியை மகள் விஷயத்தில் பேசுகிறேன். உம்மாவின் சபையில் மைக்கும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே அவருக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது.

தம்பிக்குப் பிரியம் இல்லையா?

இது தவறான முடிவு, சகோதரி. சற்று கடினமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணம் உங்களுக்குள் வேர் பிடித்தால் வீடு சேராது. தம்பி கேட்டதைத் திரும்பப் படியுங்கள்: "இப்படியே மவுத்தானால் உங்கள் கதி என்ன உம்மா?" அவர் சொன்ன விதம் கொடுமை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பது பயம். உம்மா ஆகிரத்தில் நரகத்துக்குப் போய்விடுவாரோ என்று ஒரு மகன் உண்மையாகவே நடுங்குகிறார். உங்களுக்கு உம்மாவின் கண்ணீர் தெரிகிறது, அவருக்கு உம்மாவின் கப்ர் (கல்லறை) தெரிகிறது. இருவரும் உம்மாவுக்காகத்தான் அழுகிறீர்கள்.

அவர் எங்கே தவறினார் என்பதற்கும் அவர் நம்பும் குர்ஆனிலிருந்தே பதில் இருக்கிறது. இசைக்கு எதிராகப் பயான்களில் அடிக்கடி ஓதப்படுவது லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வீண் பேச்சை விலைக்கு வாங்குவோர் பற்றியது. உங்கள் மகளிடமும் தம்பி அதையே ஓதியிருப்பார். அங்கிருந்து ஒன்பது வசனம் தள்ளிப் போகச் சொல்லுங்கள். 15ஆம் வசனம்: பெற்றோர் உன்னை இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால்கூட அதில் மட்டும் கீழ்ப்படியாதே, உலக வாழ்க்கையில் அவர்களோடு நல்ல முறையில் இருந்துகொள்.

பாருங்கள், பெற்றோர் வெளிப்படையாக ஷிர்க்குக்கு அழைத்தாலும் இதுதான் கட்டளை. உங்கள் உம்மா தம்பியை எதற்கும் வற்புறுத்தவில்லை. தன் பாட்டுக்கு நபியைப் புகழ்ந்து ஓதினார். தம்பி சொல்வதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த இரவு அவர் செய்தது இந்த வசனத்துக்கு மாறானது. ஒரு செயலைத் தவறு என்பது வேறு, அதைச் செய்தவரை இணைவைத்தவர் என்று தீர்ப்பளிப்பது வேறு. சகோதர முஸ்லிமை "காஃபிர்" என்று அழைத்தால் அந்தச் சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பும் என்ற ஹதீஸ் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கிளிப்புகளை நிறுத்துங்கள்

தம்பி பயான் அனுப்ப, பதிலுக்கு நீங்களும் மவ்லிது ஆதரவு வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள். மேடையில் பேசுபவர் எதிர்த்தரப்பைத் தோற்கடிக்கப் பேசுகிறார். உங்கள் வீட்டில் யாரும் தோற்கக் கூடாது.

தம்பியோடு தனியாக, வீட்டுக்கு வெளியே பேசுங்கள். கடற்கரையில் ஒரு நடை போதும். முதல் பேச்சில் மவ்லிதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். "நீ நம்புறதைப் பற்றிப் பேச வரலை. உம்மாகிட்ட நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசணும். அன்னையிலிருந்து உம்மா கதவைச் சாத்திக்கிட்டு தஸ்பீஹ் ஓதுறாங்க, உனக்குத் தெரியுமா?" இவ்வளவு போதும். அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆண்பிள்ளைகள் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் போய் வருகிறார்கள், உள்ளறையில் நடப்பது கண்ணில் படாது.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொன்ன விதத்துக்காக உம்மாவிடம் மன்னிப்பு. கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். மாற்றிக்கொண்டால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை போட்டால் இரண்டும் கிடைக்காது. "நான் இதை ஏற்கலை உம்மா, ஆனா உங்களை அப்படிச் சொன்னது தப்பு" என்று ஒரு மகனால் சொல்ல முடியும். என் ஆலோசனை அறையிலேயே ஒருவர் அப்படிச் சொன்னார். அவருடைய தாய் உடனே, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அத்தோடு அந்தக் குடும்பத்தின் எட்டு மாத மௌனம் உடைந்தது. கருத்து வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஓதும் நாளில் அந்த மகன் கடையிலேயே இருந்துவிட்டு இரவு பத்தரைக்கு வருகிறார். அவருக்கென்று சோறு எடுத்து வைக்கிறார்கள், மவ்லிது நார்சா (ஓதிப் பகிரும் உணவு) அல்ல, தனியாகச் சமைத்தது. இந்தச் சின்ன ஏற்பாட்டைச் செய்தது அவர் மனைவி. உங்கள் வீட்டிலும் தம்பி மனைவியைக் கணக்கில் சேருங்கள். கடிதம் முழுவதும் அந்தப் பெண் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டை விட்டுப் போகச் சொல்லலாமா?

வீடு வாப்பா பெயரிலேயே இருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அது உம்மாவுக்கு மட்டும் உரிய வீடு இல்லை. முஸ்லிம்களின் வாரிசுரிமைப்படி, வாப்பாவின் பெற்றோர் அவருக்கு முன்பே மவுத்தாகி, வேறு பிள்ளைகளும் இல்லையென்றால், கடன் போக மீதியை 24 பங்காக்கி உம்மாவுக்கு 3, தம்பிக்கு 14, உங்களுக்கு 7. பெரும் பங்கு தம்பியுடையது. அவரை வெளியேறச் சொல்லும் உரிமை உம்மாவுக்கு இல்லை. உம்மாவையோ உங்களையோ வெளியேறச் சொல்லும் உரிமை அவருக்கும் இல்லை. பத்திரத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். கைவிடப்பட்ட, துன்புறுத்தப்படும் பெற்றோருக்கு அது நல்ல துணை. ஆனால் உங்கள் தம்பி உம்மாவின் மருந்துச் செலவைப் பார்ப்பவர், பஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழுப்பிவிடுபவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் இந்தச் சட்டத்தோடு போனால் உம்மா உங்களைத்தான் மன்னிக்க மாட்டார்.

உரிமை என்று பார்த்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்கு அதிகம் என்பதால் தம்பிக்கு உம்மாவின் இபாதத் (வழிபாடு) மேல் அதிகாரம் வந்துவிடாது. தான் உட்காராமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. தன் பிள்ளையை உட்கார வைக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. சபையைக் கலைக்கும் உரிமை கிடையாது. அதேபோல அவர் ஓதவில்லை, நார்சா சாப்பிடவில்லை என்பதற்காக அவரைச் சொந்தபந்தம் முன்னால் "நபி பிரியம் இல்லாதவன்" என்று பேசும் உரிமை உங்களுக்கும் இல்லை.

மகளின் பாட்டு

இசைக்கருவி விஷயத்தில் தம்பி பெரும்பான்மைக் கருத்தோடுதான் நிற்கிறார். நரம்பு, காற்றுக் கருவிகளை நான்கு மத்ஹபின் (சட்டப் பள்ளிகளின்) பெரும்பாலான அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் புகாரி ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டு, இப்னு ஹஸ்ம் வேறு கருத்துச் சொன்னார். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா என்ற நூலில் பாட்டுக் கேட்பது பற்றித் தனி அத்தியாயமே எழுதி, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்துப் பேசுகிறார். தஃப் வேறு. பெருநாளில் நபிகளாரின் மனைவி ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடியதை அவர் தந்தை அபூபக்ர் அதட்டியபோது, "விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள்" என்றார்கள் நபிகளார். கல்யாணத்தில் தஃப் தட்டுவதை உங்கள் ஊரின் ஷாஃபி மத்ஹபும் அனுமதிக்கிறது.

நம் பக்கத்து நடைமுறை இதைவிடத் தாராளமாக இருந்ததும் உண்மை. நோன்பு இரவில் பக்கீர் பாவாக்கள் தாயிரா (கைப்பறை) தட்டிப் பாடி ஸஹர் உணவுக்கு எழுப்பியது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மண்ணடிக்குப் பக்கத்தில் ராயபுரத்தில்தான் 19ஆம் நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்தார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அவரால்தான் தொண்டியார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நாகூர் ஹனிபாவின் குரல் கேட்காத தமிழ் முஸ்லிம் வீடு இருந்ததா? இதெல்லாம் ஆதாரமாகிவிடாது, அதுவும் தெரியும். ஆனால் இது நேற்று வந்த கெட்ட பழக்கம் என்று குழந்தையிடம் சொல்லக் கூடாது.

குரல் பற்றி: பெண்ணின் குரல் தன்னளவில் மறைக்க வேண்டிய அவ்ரத் இல்லை என்பதே ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. 33:32ஆம் வசனம் தடுப்பது குழைந்து பேசுவதை. 12 வயதுப் பிள்ளை பள்ளி மேடையில் பாடுவதில் எந்த ஏற்பாட்டுக்கு உங்கள் மனம் ஒப்புகிறது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்யுங்கள். அது மாமாவின் முடிவு இல்லை. என்னைக் கேட்டால், கரோக்கி இசையை விட்டுவிட்டு வெறும் குரலில் பாடட்டும். பெரிய ஆட்சேபம் அங்கேயே போய்விடும், பாட்டும் நிற்கும். போட்டி விதியில் பின்னணி இசை கட்டாயமா என்று நீங்களே ஆசிரியையாகப் பள்ளியில் கேட்டுவிடலாமே.

அதைவிட முக்கியம், அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். தன் பாட்டால் வீட்டில் சண்டை வந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்

தம்பி மன்னிப்புக் கேட்ட பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், இருவரும் மதிக்கும் ஓர் ஆலிமை வீட்டுக்கு அழையுங்கள். மேடைப் பேச்சாளர் வேண்டாம். வாப்பாவுக்குத் தெரிந்த வயதான அஸ்ரத் யாராவது இருப்பார். கிதாபைத் திறந்து வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். உம்மாவுக்கு அரபி எழுத்து தெரியும், பொருள் தெரியாது என்கிறீர்கள். ஐம்பது வருடம் ஓதியதன் பொருளை அறிந்துகொள்ள அவருக்கு ஆசை இருக்காதா? பொருள் தெரிந்த பின் சில வரிகளை விட்டுவிட்டு ஓதுகிறேன் என்று உம்மாவே சொல்லலாம். அஸ்ரத்தின் விளக்கம் கேட்டு, அப்படியே ஓதுவேன் என்றும் சொல்லலாம். இரண்டுமே உம்மாவின் முடிவாக இருக்கட்டும்.

அவர் முழுதாக ஓதினால் தம்பி அந்த நேரம் வெளியே இருக்கட்டும். வீட்டில் வேண்டாம் என்று உம்மாவே நினைத்தால், அதே தெருவில் வேறு வீட்டில் கூடலாம். ஆனால் சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட உணர்வு வரக்கூடும் என்பதால் இதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். ஸலவாத்து (நபிக்கான வாழ்த்து) மட்டும் ஓதுகிறேன் என்றால் அதில் தம்பிக்கும் ஆட்சேபம் குறைவாகவே இருக்கும். நபி மேல் ஸலவாத்துச் சொல்ல ஏவுவது குர்ஆன் (33:56). தம்பியும் ஒவ்வொரு தொழுகையின் இருப்பிலும் அதைத்தான் ஓதுகிறார். கூட்டாகச் சேர்ந்து ஓதும் முறையைப் பற்றி அவருக்குக் கேள்வி இருந்தால், அவரவர் இடத்தில் உட்கார்ந்து ஓதுங்கள்.

இனி உம்மா. ஆறு மாதத்துக்கு மேல் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, பேச்சும் குறைந்திருக்கிறது. இதை வெறும் மனக்கஷ்டம், சண்டை தீர்ந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த வயதில் மனச்சோர்வு நோய் பெரும்பாலும் அழுகையாக வராது, பசியின்மையாகவும் அசதியாகவும்தான் வரும். தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடும் இப்படிக் காட்டும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். கிண்டியில் முதியவர்களுக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. மனநலத்துக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். "செத்தால் நல்லது" என்பதுபோல ஏதாவது சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். மருத்துவமனைக்குத் தம்பியையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் அந்த நேரம் இருவருக்கும் வேண்டும்.

உம்மாவிடம் மவ்லிதைப் பற்றி நேரடியாகக் கேட்க வேண்டாம். "ஒண்ணுமில்லை, விடு" என்றுதான் பதில் வரும். பூட்டிய அலமாரியில் பழைய தாள் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. வாப்பா கைப்பட அரபுத் தமிழில் (அரபி எழுத்தில் எழுதும் தமிழில்) ஓரத்தில் குறிப்பு எழுதிய கிதாபு அது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வெயில் நாளில், "உம்மா, பூச்சி அரிச்சிடப் போவுது, கொஞ்சம் காய வைப்போமா?" என்று சாவியைக் கேளுங்கள். மொட்டை மாடியில் பாய் விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பி வைக்கும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாப்பா எழுதியது என்ன என்று அவள் கேட்கட்டும், உம்மா படித்துச் சொல்லட்டும்.

ரபீஉல் அவ்வலுக்கு முன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். தம்பியும் தனியாக எழுத விரும்பினால் எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் நானே பதில் எழுதுகிறேன்.